ஹாலோவீன்: முகமூடிக்குள் யாரும் இல்லை

ஹாலிவுட்டில் மேஜிக் சாமான் விற்கும் கடை ஒன்றில், 1978-இல், 1.98 டாலர் கொடுத்து வாங்கிய ரப்பர் முகமூடி அது. ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கேப்டன் கர்க், அதாவது நடிகர் வில்லியம் ஷாட்னரின் முகத்தை வைத்து டான் போஸ்ட் நிறுவனம் செய்து விற்றது. ‘ஹாலோவீன்’ என்ற திகில் படத்தின் கலை வேலையையும் படத்தொகுப்பில் ஒரு பங்கையும் பார்த்துக்கொண்ட டாமி லீ வாலஸ் அதன் புருவத்தையும் கிருதாவையும் நீக்கினார். கண் துளைகளைப் பெரிதாக வெட்டினார். முகம் முழுக்க வெள்ளை பெயின்ட் அடித்து, தலைமுடியைக் கலைத்துவிட்டார். சோகமான கோமாளி முகமூடி ஒன்றையும் முயன்று பார்த்தார்கள். வெள்ளை பூசிய கர்க்கைப் போட்டுக்கொண்டு ஆள் அறைக்குள் வந்ததுமே எது வேண்டும் என்பது முடிவாகிவிட்டது.

அந்த முகமூடி ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. மனித முகத்தில் உணர்ச்சியை நாம் முதலில் தேடுவது புருவத்திலும் கண்ணிலும்தான். புருவம் போயிற்று. துளை பெரிதானதால் கண்ணைச் சுற்றி நிழல் தேங்கி, கண்ணும் போயிற்று. மிச்சமிருப்பது வெளிச்சம் எப்படி விழுகிறதோ அப்படி மாறும் ஒரு வெள்ளைப் பரப்பு. பக்கவாட்டிலிருந்து ஒளி வந்தால் கன்னமேடு துருத்தி கோபம் போலத் தெரியும். மேலிருந்து வந்தால் துக்கம் போலத் தெரியும். முகமூடி எதையும் சொல்வதில்லை. பார்ப்பவர்தான் அதில் எதையோ படித்துக்கொள்கிறார். படத்தில் இதைப் போட்டுக்கொண்டு வரும் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ். ஆனால் முகமூடிக்குள் நடந்தவருக்குப் பெயர்ப்பட்டியலில் போட்டிருக்கும் பாத்திரப் பெயர் வெறும் ‘உருவம்’.

இயக்குநர் ஜான் கார்பென்டரின் ‘ஹாலோவீன்’ படத்தையும் அதற்குப் பின்னால் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வந்த 12 படங்களையும் விளங்கிக்கொள்ள இந்த முகமூடியே சரியான வாசல். முதல் படம் அந்த வெறுமையை வெறுமையாகவே விட்டுவைத்தது. பின்னால் வந்தவற்றில் பெரும்பாலானவை அதற்குள் எதையாவது போட்டு நிரப்பப் பார்த்தன. எங்கே, எதை, ஏன் நிரப்பினார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால் இந்தத் தொடரின் ஏற்ற இறக்கம் முழுவதும் புரிந்துவிடும்.

மூன்று லட்சம் டாலரில் ஓர் இலையுதிர்காலம்

ஆள் ஆளாகத் தேடிப்பிடித்துக் கத்தியால் கொல்லும் ஒருவன், கடைசியில் தப்பிப் பிழைக்கும் ஒரு பெண்: ஸ்லாஷர் படம் என்றால் இதுதான் கட்டமைப்பு. ‘ஹாலோவீன்’ அதைக் கண்டுபிடித்தது என்று சொல்வது சரியாகாது. அதற்கு முன்பே இத்தாலியிலும் கனடாவிலும் இப்படிப்பட்ட படங்கள் வந்திருந்தன. ஆனால் பிறகு வந்தவர்கள் எல்லோரும் பார்த்துப் படித்த பாடப்புத்தகம் இதுதான்.

குழந்தை பார்த்துக்கொள்ளும் பெண்களைக் கொலைகாரன் ஒருவன் துரத்துகிறான் என்ற ஒற்றை வரி யோசனை தயாரிப்பாளர் இர்வின் யாப்லான்ஸுடையது. பணம் போட்டவர் சிரியாவில் பிறந்த முஸ்தஃபா அக்காத். செலவு சுமார் 3 லட்சம் டாலர். கார்பென்டரும் டெப்ரா ஹில்லும் சேர்ந்து எழுதினார்கள். பெண்கள் பேசிக்கொள்ளும் பகுதிகளில் ஹில்லின் கை தெளிவாகத் தெரியும். தயாரிப்பாளரும் அவரே. எழுத்து, இயக்கம், இசை மூன்றுக்கும் சேர்த்து கார்பென்டருக்கு 10,000 டாலரும் லாபத்தில் பங்கும் பேசப்பட்டது. நாயகி லாரியாக நடித்த ஜேமி லீ கர்டிஸுக்கு 8,000. மனநல மருத்துவர் லூமிஸாக வரும் டொனால்ட் பிளெசன்ஸ் ஐந்து நாள் வேலைக்கு 20,000 வாங்கினார். முகமூடிக்குள் நடந்த நிக் காசிலுக்கு நாளுக்கு 25 டாலர்.

கதை நடப்பது இல்லினாய் மாநிலத்தில் ஹாடன்ஃபீல்டு என்ற கற்பனை ஊரில், பிள்ளைகள் வேஷம் போடும் ஹாலோவீன் நாளான அக்டோபர் 31 அன்று. படம் பிடித்ததோ கலிஃபோர்னியாவின் தெற்குப் பசடீனாவிலும் ஹாலிவுட்டிலும், வசந்த காலத்தில், சுமார் 20 நாளில். மரமெல்லாம் பச்சையாக நின்றது. காய்ந்த இலைகளுக்குப் பழுப்பு வண்ணம் அடித்துத் தெருவில் தூவி, ஷாட் முடிந்ததும் திரும்பப் பொறுக்கிப் பையில் கட்டி அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள். கவனமாகப் பார்த்தால் சில ஷாட்டுகளில் பின்னால் பனைவகை மரங்கள் நிற்பது தெரியும்.

காட்சிகளைக் கதை வரிசையில் எடுக்கவில்லை. அதனால் எந்தக் காட்சியில் லாரி எவ்வளவு பயந்திருக்க வேண்டும் என்று கர்டிஸுக்குச் சொல்ல கார்பென்டர் ஒரு பய அளவுகோல் வைத்திருந்தார். இந்தக் காட்சி ஆறு, அடுத்தது ஒன்பதரை என்று எண்ணாகச் சொல்லிவிடுவார். லாரியின் பதற்றம் படம் முழுக்கப் படிப்படியாக ஏறுவதற்கு இந்த எளிய ஏற்பாடுதான் காரணம்.

அகலமான திரையின் ஓரங்கள்

இவ்வளவு சிறிய செலவில் கார்பென்டர் சிக்கனம் பார்க்காத இடம் ஒன்று உண்டு: கேமராவும் லென்ஸும். அகலத் திரைக்கான பானாவிஷன் அனமார்ஃபிக் லென்ஸ்களையே பிடிவாதமாகப் பயன்படுத்தினார். காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கி 35 மி.மீ. பிலிமில் பதித்து, திரையிடும்போது மீண்டும் விரிக்கும் முறை இது. கிடைக்கும் படம் உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலம்.

அந்த அகலம் பிரம்மாண்டம் காட்டுவதற்காக வந்ததன்று. ஒரு பெண்ணைத் திரையின் ஒரு பக்கம் நிறுத்திவிட்டால் மறுபக்கம் காலியாக இருக்கும். அந்தக் காலியிடத்தில் கதவோ சன்னலோ இருட்டான வாசலோ வந்துவிடுகிறது. பார்ப்பவரின் கண் தானாகவே அங்கே ஓடுகிறது. படத்தின் முதல் பாதி பட்டப்பகலில் நடக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கார். நடைபாதை ஓரத்து வேலிச்செடியின் பக்கம் ஒருவன். கொல்லையில் காயும் துணிகளுக்கு நடுவே ஒருவன். ஒவ்வொரு முறையும் லாரி கண்ணை எடுத்துத் திரும்பப் பார்க்கும்போது அங்கே யாரும் இல்லை. ஒன்றுமே நடக்காத இந்தக் காட்சிகள்தான், திரையின் மூலையைத் துழாவுமாறு நம் கண்ணைப் பழக்குகின்றன. இரவு வந்ததும் கார்பென்டர் செய்ய வேண்டியது குறைவு. இருட்டான ஒரு மூலையை மட்டும் காட்டினால் போதும்.

இதன் உச்சம் மாடியில் வரும் ஒரு ஷாட். லாரி சுவரோரம் அழுதுகொண்டு நிற்கிறாள். பக்கத்தில் கறுப்பாக ஒரு வாசல். அந்தக் கறுப்புக்குள்ளிருந்து வெள்ளை முகம் மெதுவாகப் புலப்படுகிறது. ஒளிப்பதிவாளர் டீன் கண்டி இதற்குச் செய்தது இவ்வளவுதான்: முகமூடிக்கு மட்டும் ஒளி விழும்படி ஒரு சிறு விளக்கை வைத்து, அதை டிம்மரில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். யாரும் அடியெடுத்து வைத்து வரவில்லை. அவன் முதலிலிருந்தே அங்கேதான் நின்றிருந்தான் என்ற உணர்வு அதனால்தான் வருகிறது. இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் இதற்கு இணையாக இன்னொரு ஷாட்டைச் சொல்ல முடியாது.

தொலைக்காட்சியிலும் பழைய வீடியோ கேசட்டிலும் பார்த்தவர்களுக்கு இந்தப் படம் பாதிதான் கிடைத்தது. 4-க்கு 3 என்ற பழைய டிவித் திரையில் உயரத்தை நிரப்பினால் மூலப்படத்தின் அகலத்தில் சுமார் 57 சதவீதம்தான் தெரியும். மிச்சம் வெட்டுப்படும். இந்தப் படத்திலோ வெட்டுப்படும் ஓரத்தில்தான் ஆள் நிற்கிறான். நிறத்திலும் கவனம் தேவை. கண்டி இரவை நீலமாகவும் வீட்டு உட்புறத்தை ஆரஞ்சாகவும் வகுத்திருந்தார். 2007-இல் வந்த ப்ளூ-ரேயில் அந்த நீலம் பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. 2013 பதிப்பு கண்டியின் மேற்பார்வையில் வந்தது.

தொடக்க ஷாட்டைப் பற்றிப் பேசாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. 1963, அதே ஹாலோவீன் இரவு. சுமார் நான்கு நிமிடம் கேமரா யாருடைய கண்ணாகவோ வீட்டைச் சுற்றி, சமையலறை வழியாக உள்ளே போய், கத்தியை எடுத்து, மாடியேறிக் கொன்று, கீழே இறங்குகிறது. உடலில் கட்டிக்கொண்டு நடக்கும் பானாகிளைடு கேமராவில் எடுத்தது. ஒரே ஷாட் போலத் தெரிந்தாலும் இடையில் வெட்டுகள் ஒளிந்திருக்கின்றன. முகமூடியை மாட்டிக்கொள்ளும் நொடி அதில் ஒன்று. திரையில் தெரியும் சிறுவனின் கைகள் டெப்ரா ஹில்லுடையவை. படப்பிடிப்புக்குக் கிடைத்தது பாழடைந்த வீடு என்பதால், பாழான நிலைக் காட்சிகளை முதலில் எடுத்து முடித்து, கடைசியில் பெயின்ட் அடித்து அறைகலன் போட்டு 1963-ஆக மாற்றினார்கள்.

ஷாட்டின் முடிவில் முகமூடியைக் கழற்றினால் ஆறு வயதுப் பையன், மைக்கேல். கொன்றது தன் அக்காவை. இந்த அதிர்ச்சியைவிடப் பெரிய வேலையை அந்த ஷாட் செய்துவிட்டுப் போகிறது. மிதந்து நகரும் கேமரா என்றால் கொலைகாரன் பார்க்கிறான் என்று நமக்குப் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு சாதாரணமாகத் தெருவில் கேமரா நகர்ந்தாலும் நமக்கு நிம்மதி இல்லை.

தகிட தகிட தக தக

இசை சேர்க்காத பிரதியைப் பார்த்த ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் படம் கொஞ்சமும் பயம் தரவில்லை. அதைக் கேட்டபின் இசையால் படத்தைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்ததாகக் கார்பென்டரே எழுதியிருக்கிறார். அவருடைய தந்தை கென்டக்கியில் இசைப் பேராசிரியர். சிறுவனாக இருந்தபோது பாங்கோ மேளத்தில் ஐந்து எண்ணிக்கைத் தாளத்தை மகனுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அந்தத் தாளம்தான் ‘ஹாலோவீன்’ பியானோ.

மேற்கத்திய வெகுஜன இசை நான்கு நான்காகவே எண்ணிப் பழகியது. ஐந்து வந்தால் அங்குள்ள காது தடுமாறும். கண்ட நடை கேட்டு வளர்ந்த நமக்கு ஐந்து என்பது புதிதல்ல. ஆனாலும் இந்த மெட்டு நம்மையும் உலுக்குகிறது. காரணம் அதன் பிரிப்பு. இரண்டு ஐந்தைச் சேர்த்துப் பத்து என்று எண்ணுங்கள். பியானோவின் மேல் சுரம் 3, 3, 2, 2 என்று விழுகிறது. வாயால் சொன்னால் தகிட தகிட தக தக. முதல் இரண்டில் ஒரு சுழற்சி உருவாகி, அடுத்த இரண்டில் அடி சுருங்கி முன்னால் தள்ளுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் யாரோ நடையை எட்டிப்போட்டு நெருங்குவதுபோல் இருக்கிறது. அடியில் நீளும் சிந்தசைசர் சுரம் மட்டும் மெதுவாகப் படியிறங்குகிறது. சிந்தசைசர்களை அமைத்துக் கொடுத்தவர் டான் வைமன். இசைக்குழுவுக்குக் காசில்லை. பெயர்ப்பட்டியலில் ‘பௌலிங் கிரீன் ஃபில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா’ என்று போட்டிருப்பது கார்பென்டர் வளர்ந்த ஊரின் பெயரால் வைத்த கற்பனைக் குழு.

படம் 1978 அக்டோபர் 25 அன்று கான்சஸ் சிட்டியில் வெளியாகி, ஊர் ஊராகப் பரவி, அமெரிக்காவில் மட்டும் சுமார் 4 கோடியே 70 லட்சம் டாலர் வசூலித்தது. கொல்லப்படும் மனிதர்கள் ஐந்து பேர். ரத்தம் கிட்டத்தட்ட இல்லை. முடிவில் லூமிஸ் ஆறு முறை சுட, உருவம் மாடியிலிருந்து விழுகிறது. எட்டிப் பார்த்தால் புல்தரை காலி. பிளெசன்ஸின் முகத்தில் அதிர்ச்சி இல்லை, இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தவரின் பார்வை. பிறகு மாடிப்படி, கூடம், வீடுகளின் வெளிப்புறம், கடைசியில் மையர்ஸ் வீடு என்று யாருமற்ற இடங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. மேலே மூச்சுச் சத்தம் மட்டும். அவன் எங்கே போனான் என்ற கேள்விக்கு இந்தப் படம் தரும் விடை: எல்லா இடத்திலும்.

அக்கா தங்கை விவகாரம்

1980-இல் ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ வந்தது. ஹாலோவீனைப் பார்த்துத்தான் எடுத்தோம் என்பதை அதை எடுத்தவர்கள் மறைக்கவே இல்லை. ஒரு நாளின் பெயர், கொலைகாரனின் கண்ணாக நகரும் கேமரா, ஒவ்வொருவராகச் சாகும் இளைஞர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். காத்திருப்பை மட்டும் விட்டுவிட்டு, அந்த இடத்தில் டாம் சவினியின் ரத்த ஒப்பனையை வைத்தார்கள். படம் பெரிய வெற்றி. ஒரே ஆண்டில் சந்தையின் அளவுகோல் மாறிவிட்டது.

1981-இன் ‘ஹாலோவீன் 2’ இந்த நெருக்கடியில் பிறந்தது. கார்பென்டரும் ஹில்லும் எழுதி, ரிக் ரோசன்தால் இயக்கினார். அதே இரவின் தொடர்ச்சி, ஊர் மருத்துவமனையில். ரோசன்தாலின் பிரதி போதுமான பயம் தரவில்லை என்று கார்பென்டரே உள்ளே புகுந்து ரத்தக் காட்சிகளை எடுத்துச் சேர்த்தார். இது ஏன் என்பதற்கு அவருடைய முந்தைய படம் ஒன்றைப் பார்க்க வேண்டும். ‘தி ஃபாக்’ முதல் பிரதி அவருக்கே பிடிக்காமல், காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார். வெளிவந்த படத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அப்படிச் சேர்ந்தது. அங்கே அந்த வைத்தியம் பலித்தது. இங்கே பலிக்கவில்லை. மூடுபனிக் கதைக்குக் குறைந்திருந்தது பேய்களின் பலம். ஹாலோவீன் கதைக்கு ரத்தம் ஒரு குறையாகவே இருந்ததில்லை.

அதைவிட ஆழமான காயம் திரைக்கதையில் விழுந்தது. லாரி மைக்கேலின் தங்கை என்று இந்தப் படத்தில் வெளியாகிறது. எழுத உட்கார்ந்தபோது கதை எதுவும் மிச்சமில்லாமல் தட்டுத்தடுமாறி வந்த யோசனை இது என்று கார்பென்டர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அதே சமயத்தில் முதல் படத்தின் தொலைக்காட்சிப் பிரதிக்கு நீளம் போதாமல், சுமார் 12 நிமிடக் காட்சிகளைப் புதிதாக எடுத்தார்கள். அதிலும் கதவில் ‘சகோதரி’ என்று கீறியிருப்பதைக் காட்டிப் பின்னோக்கி இதை நுழைத்தார்கள். விளைவு என்ன? யார் வீட்டுக்கு வேண்டுமானாலும் வரக்கூடியவன் இப்போது ஒரு குடும்பத்துக்கு மட்டும் வருகிறவன் ஆகிவிட்டான். மையர்ஸ் குடும்பத்தில் பிறக்காதவர்கள் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கலாம்.

இன்னும் சில கோளாறுகள்: லாரி பெரும்பாலும் மருந்து மயக்கத்தில் படுக்கையில் கிடக்கிறாள். மருத்துவமனையில் நோயாளிகளே கண்ணில் படுவதில்லை. முதல் படத்தின் முடிவை மறுபடி காட்டும்போது லூமிஸின் துப்பாக்கி ஏழு முறை வெடிக்கிறது, அவரோ ஆறு முறை சுட்டேன் என்று கத்திக்கொண்டிருக்கிறார். அதே பழைய முகமூடிதான், ஆனால் மூன்று ஆண்டில் மஞ்சளித்துவிட்டது. இந்தப் படத்தில் அதைப் போட்டு நடித்த டிக் வார்லாக்கின் தலைவாகு வேறு என்பதால் அகலமாகவும் இழுபட்டது. நிக் காசிலின் இயல்பான நடை போய் இயந்திர நடை வந்தது. ஆனால் கண்டியின் நடைக்கூட ஒளியமைப்பு இன்றும் அழகு. செவிலியின் பின்னாலுள்ள இருட்டிலிருந்து உருவம் வெளிப்படும் ஷாட் முதல் படத்தின் நேரடி வாரிசு. ஆலன் ஹோவர்த்துடன் சேர்ந்து கார்பென்டர் ஆர்கன் போல ஒலிக்கும் சிந்தசைசரில் அமைத்த இசையும் தனித்து நிற்கிறது.

யாரும் கேட்காத மூன்றாம் பாகம்

இரண்டாம் பாகத்தின் முடிவில் மைக்கேலையும் லூமிஸையும் தீயில் கருக்கிவிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு ஹாலோவீன் படம், ஒவ்வொன்றும் புதுக் கதை என்பதுதான் கார்பென்டர், ஹில் இருவரின் திட்டம். அப்படி வந்தது 1982-இன் ‘ஹாலோவீன் 3: சீசன் ஆஃப் தி விட்ச்’. முகமூடி செய்த டாமி லீ வாலஸே இயக்குநர். முதலில் எழுதியவர் பிரிட்டிஷ் எழுத்தாளர் நைஜல் நீல். மாற்றங்கள் பிடிக்காமல் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார்.

முகமூடித் தொழிற்சாலை ஒன்று சூனியக்காரி, மண்டையோடு, பூசணி என்று மூன்று முகமூடிகளை நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு விற்கிறது. ஒவ்வொன்றின் முத்திரையிலும் ஸ்டோன்ஹெஞ்ச் கல்லின் துணுக்கு. ஹாலோவீன் இரவில் டிவியில் ஒரு விளம்பரம் ஓடும்போது, அணிந்திருக்கும் குழந்தைகள் சாவார்கள். தொழிற்சாலைக் காட்சிகளை வட கலிஃபோர்னியாவில் லோலிடா என்ற சிற்றூரின் பால் பண்ணை ஆலையில் எடுத்தார்கள். விளம்பரப் பாட்டுக்கு ‘லண்டன் பிரிட்ஜ்’ மெட்டு. ஒருமுறை கேட்டால் வாரக்கணக்கில் தலையைவிட்டுப் போகாது.

வசூல் சுமார் 1 கோடியே 44 லட்சம் டாலர். செலவு 25 லட்சம் என்பதால் நட்டம் என்று சொல்ல முடியாது. ஆனால் மைக்கேலைப் பார்க்க வந்தவர்கள் கோபத்தோடு போனார்கள். தலைப்பில் ‘3’ என்று போட்டதுதான் பிழை. முதல் தொடர்ச்சியிலேயே கதையை மாற்றியிருந்தால் தொகுப்புக் கதை முறை பிழைத்திருக்கக்கூடும். மைக்கேலை இரண்டு படத்துக்கு இழுத்துவிட்டு மூன்றாவதில் மறைத்ததை யாரும் ஏற்கவில்லை.

இத்தனைக்கும் தொடர்ச்சிகள் அனைத்திலும் கார்பென்டரின் மனத்துக்கு நெருக்கமான படம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கொலைகாரத் தொழிலதிபர் ஏன் இதைச் செய்கிறார் என்பதற்கு முழு விளக்கம் கிடையாது. அந்த விளம்பரத்தை எல்லா சேனல்களிலும் ‘நிறுத்துங்கள்’ என்று நாயகன் தொலைபேசியில் கதறும்போது, மூன்றாவது சேனலில் அது நின்றதா இல்லையா என்று சொல்லாமலே படம் அறுந்துவிடுகிறது. புல்தரை காலியாக இருந்ததே, அதே வெறுமை. அதே ஆண்டு கார்பென்டர் எடுத்த ‘தி திங்’ படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே எதிரிக்குச் சொந்த உருவமே இல்லை, யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். 1982 ஜூன் 25-இல், ‘ஈ.டி.’ வந்த இரண்டு வாரத்தில் வெளியாகி அதுவும் அடிவாங்கியது. அதன் பழைய 1951 வடிவம் முதல் ஹாலோவீனில் குழந்தைகள் பார்க்கும் டிவியில் ஓடுகிறது என்பதையும் கவனித்து வையுங்கள்.

திரும்பி வந்தவன்

மூன்றாம் பாகத்தின் தோல்விக்குப் பின் கார்பென்டரும் ஹில்லும் தங்கள் உரிமையை விற்றுவிட்டு விலகினார்கள். அக்காத் 1988-இல் மைக்கேலையும் லூமிஸையும் எழுப்பினார். டிவைட் லிட்டில் இயக்கிய நான்காம் பாகத்தின் திரைக்கதையை, எழுத்தாளர் சங்க வேலைநிறுத்தம் தொடங்குவதற்குள் ஆலன் மெக்கெல்ராய் 11 நாளில் எழுதி முடித்தார். லாரியின் மகள் ஜேமியாக வரும் டேனியல் ஹாரிஸ் படத்தைத் தாங்கிக்கொள்கிறாள். பெயர்கள் ஓடும்போது வரும் வயல்வெளிகளும் வீட்டு முற்றத்து அலங்காரங்களும் இந்தத் தொடரிலேயே மிகச் சிறந்த இலையுதிர்காலம். அதையும் யூட்டா மாநிலத்தில் வசந்தத்தில்தான் எடுத்தார்கள். ஒரு பள்ளிக்கூடக் காட்சியில் மட்டும் மைக்கேல் திடீரென்று பொன்னிற முடியும் ரோஜா நிற முகமுமாக வருவார். பெயின்ட் அடிக்காத முகமூடி தவறுதலாகப் படத்துக்குள் நுழைந்துவிட்டது.

முடிவில் சிறுமி கோமாளி உடையில், ரத்தம் தோய்ந்த கத்தரிக்கோலோடு மாடிப்படி உச்சியில் நிற்கிறாள். லூமிஸ் அலறுகிறார். 1963-க்கு வட்டம் திரும்பிவிட்டது. ஓராண்டிலேயே அவசரமாக வந்த ஐந்தாம் பாகம் இந்த முடிவைக் கைவிட்டது. திரைக்கதை முடியாமலே படப்பிடிப்பு தொடங்கியதால், கறுப்பு உடை மனிதன் ஒருவனை உள்ளே விட்டார்கள். அவன் யார் என்று அப்போது எடுத்தவர்களுக்கே முடிவாகவில்லை. சாதாரண மையர்ஸ் வீடு ஒரு கோட்டை மாளிகையாக மாறிக்கிடந்தது. 1995-இல் ஆறாம் பாகம் அந்தக் கடனை அடைக்க ஒரு ரகசியக் கூட்டத்தையும் சாபத்தையும் கொண்டுவந்தது. பிளெசன்ஸ் அந்த ஆண்டு பிப்ரவரியில் காலமானார். அதற்குப் பின் காட்சிகளைத் திரும்ப எடுத்ததால் படத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டாயின. தயாரிப்பாளர் பிரதி எனப்படும் மற்றது 2014-இல்தான் முறையாக வெளிவந்தது. இரண்டில் அதுவே கோவையானது. ஆனால் காரணமே இல்லாமல் கொன்றவனுக்கு நட்சத்திரக் கூட்டத்தில் காரணம் கண்டுபிடித்த படம் என்ற பழி இரண்டுக்கும் பொது.

1998-இன் ‘எச்20’ நான்கு முதல் ஆறு வரை மறந்துவிட்டு லாரியைத் திரும்பக் கொண்டுவந்தது. கர்டிஸின் நடிப்பு பிரமாதம். ஆனால் முகமூடி விஷயத்தில் இவ்வளவு குழப்பம் வேறெந்தப் படத்திலும் இல்லை. வெவ்வேறு குழுக்கள் செய்தவை மாறி மாறி வருகின்றன. ஒரு ஷாட்டில் கணினியில் வரைந்த முகமூடிகூட இருக்கிறது. கண் துளைகள் பெரிதும் தெளிவுமாக இருப்பதால் உள்ளே இருக்கும் நடிகரின் கண்கள் பளிச்சென்று தெரிகின்றன. 1978-இல் மறைத்து வைத்த முக்கியமான ஒன்று வெளியே வந்துவிட்டது. 2002-இன் அடுத்த பாகத்தில் பேச அதிகமில்லை. ராப் ஸாம்பியின் 2007 மறு ஆக்கம் மைக்கேலின் சிறுவயதையே நீண்ட கதையாகச் சொன்னது. வீட்டுக் கொடுமை, வசவு, பள்ளித் துன்பம் என்று எல்லாம் வந்தபின் உருவம் போய் ஒரு நோயாளி மிஞ்சினான்.

டேவிட் கார்டன் கிரீன் 2018-இல் எடுத்த முதல் முடிவு சரியானது: 1978-க்குப் பிறகு வந்த எதுவும் நடக்கவில்லை. அண்ணன் தங்கை உறவு ஊரார் கட்டிய கதை என்று லாரியின் பேத்தி ஒற்றை வரியில் தள்ளிவிடுகிறாள். ஹாலோவீன் இரவில் உருவம் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, வெளியே வந்து, அடுத்த வீட்டுக்குப் போவதை வெட்டாமல் காட்டும் ஷாட்டில் பழைய அச்சம் திரும்புகிறது. அந்த வீட்டார் மையர்ஸ் குடும்பத்துக்கு யாருமில்லை. கிறிஸ்டோபர் நெல்சன் குழு அதே முகமூடிக்கு 40 வயது ஏற்றிச் சுருக்கமும் வெடிப்பும் கொடுத்தது. கண்கள் மறுபடி நிழலுக்குள் போயின. 2021-இன் அடுத்த பாகம் கூட்டம் கூடித் தீமையைப் பற்றிப் பேசிப் பேசியே வீணானது. 2022-இன் கடைசிப் பாகம் மைக்கேலை ஓரமாக வைத்து வேறொரு இளைஞனின் கதையைச் சொல்லி ரசிகர்களைக் கோபப்படுத்தியது. அதன் தொடக்கப் பெயர்கள் மூன்றாம் பாகத்தின் அதே நீல எழுத்து வடிவில் வருகின்றன. தெரிந்தேதான் அந்தப் பாதையில் இறங்கியிருக்கிறார்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதல் படம், அடுத்து மூன்றாம் பாகம் தனியாக, பிறகு முதல் படத்தை மறுபடி பார்த்துவிட்டு 2018. நேரம் இருந்தால் நான்காம் பாகம். தொலைக்காட்சிப் பிரதியின் 12 நிமிடத்தைக் கடைசியில் பாருங்கள், முதலில் பார்த்தால் தங்கை விஷயம் மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

2018 படத்துக்கு இசை அமைத்தவர் கார்பென்டர்தான், மகன் கோடி கார்பென்டரோடும் டேனியல் டேவிஸோடும் சேர்ந்து. முகமூடிக்குள் பெரும்பாலும் நடந்தவர் ஜேம்ஸ் ஜூட் கோர்ட்னி. ஆனால் 1978-இல் நாளுக்கு 25 டாலர் வாங்கிய நிக் காசிலையும் கூப்பிட்டார்கள். ஒரு காட்சியில் மட்டும் முகமூடியைப் போட்டுக்கொண்டார். பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்கின் முன் நின்று, உருவத்தின் மூச்சுச் சத்தத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்.